கல்லீரல் என்ன செய்யும்?

டீ ஆறுவதற்குள் ஒன்று சொல்கிறேன். ஒரு வேதிப்பொருளை மனிதருக்கோ எலிக்கோ கொடுத்துப் பார்க்காமல், அதன் மூலக்கூறு அமைப்பைக் காகிதத்தில் பார்த்தே விஷமா இல்லையா என்று சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். அந்த ஓரளவு எங்கே நின்றுபோகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

முதல் துப்பு எண்ணெயில் கிடைத்தது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹான்ஸ் மேயரும் சார்லஸ் ஓவர்ட்டனும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள். தண்ணீரைவிட ஆலிவ் எண்ணெயில் நன்றாகக் கரையும் பொருள், மிகக் குறைந்த அளவிலேயே தலைப்பிரட்டையை மயக்கிவிடுகிறது. செல்லின் உறை கொழுப்பால் ஆனது. கொழுப்போடு ஒட்டுவது உள்ளே போய்விடும். 1960-களில் அமெரிக்காவின் கார்வின் ஹான்ஷ் இதைச் சமன்பாடாக்கினார். எண்ணெயின் இடத்துக்கு ஆக்டனால் என்ற கரைப்பான் வந்தது.

அடுத்து, மூலக்கூறின் சில உறுப்புகளே எச்சரிக்கை என்று தெரிந்தது. எபாக்சைடு என்பது மூன்றே அணுக்களை முறுக்கிக் கட்டிய வளையம். எப்போது அவிழலாம் என்று காத்திருக்கும். அவிழ்ந்தால் டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது மெத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். சாராயத்தில் இருக்கும் எத்தனாலைவிட ஒரு கார்பன் குறைவு, அவ்வளவுதான். எண்ணெய்க் கணக்குப்படி மெத்தனால்தான் சாது. போதையும் அதில் குறைவே. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அது கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை நினைக்காமல் இந்தப் பாடத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

கொன்றது மெத்தனால் என்பதைவிட, கல்லீரல் அதை மாற்றிய பொருள் என்பதே சரி. கல்லீரலின் நொதி எத்தனாலைக் கடைசியில் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமாக்குகிறது. உடம்பு அதை எரித்துவிடும். அதே நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்கும், அது ஃபார்மிக் அமிலமாகும். நம் உடம்பு அந்த அமிலத்தை மெதுவாகத்தான் அகற்றும். தேங்கிய அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. எலி அதை வேகமாக அகற்றிவிடுவதால் அதற்குப் பார்வை போவதில்லை. ஆக, எலியிடம் கேட்டிருந்தாலும் தப்பான பதில்தான்! ஃபோமெபிசோல் என்ற மாற்றுமருந்து விஷத்தைத் தொடுவதே இல்லை. அந்த நொதியைத்தான் மறிக்கிறது.

கல்லீரல் ஒரு பொருளை விஷமாக மாற்றக்கூடும் என்பதை உணர்ந்தவர் விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ். 1970-களில் பாக்டீரியாவை வைத்து மரபணுச் சேதம் காட்டும் சோதனையை உருவாக்கியபோது, அரைத்த எலிக் கல்லீரலின் சாற்றையும் அதில் சேர்த்தார். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

கணினிக்கும் அந்தச் சாறு வேண்டும். 2014-ல், விஷத்தன்மையைக் கணிக்கும் நிரல்களுக்கான டாக்ஸ்21 போட்டியில், சுமார் 12,000 பொருள்களின் அமைப்பையும் 12 வகைச் சோதனை முடிவுகளையும் வைத்து நிரல்களைப் பழக்கினார்கள். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரக் குழு வென்றது. பழகியதைப் போன்ற மூலக்கூறு வந்தால் நிரல் நன்றாகச் சொல்லும், புதிய வார்ப்பு வந்தால் தடுமாறும். அதோடு, உள்ளே போன மூலக்கூறைக் கல்லீரல் மாற்றியும் விடும். அதனால் இன்று சில நிரல்கள், கொடுத்த மூலக்கூறை மட்டும் பார்ப்பதில்லை. கல்லீரல் அதை என்னவெல்லாம் ஆக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக வரைந்து, அவற்றையும் சோதிக்கின்றன. மெத்தனாலுக்கு வரைந்தால் முதலில் வருவது ஃபார்மால்டிஹைடு.