ஓய்வுபெற்ற பந்தயக் கிரேஹவுண்டைச் சிறிய நாய் உள்ள வீட்டில் தத்தெடுத்தல்

நாய்ப் பந்தயங்களில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்டு நாய்களை வீட்டு நாய்களாக ஏற்று வளர்ப்பது பிரித்தானியா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பரவலாக உள்ள வழக்கமாகும். இந்நாய்கள் பொதுவாக அமைதியானவை, குறைவாகக் குரைப்பவை, மனிதரிடம் எளிதில் ஒட்டிக்கொள்பவை. ஆயினும் ஏற்கெனவே ஒரு சிறிய நாய் வாழும் வீட்டுக்குக் கிரேஹவுண்டைக் கொண்டுவரும்போது தனிக் கவனம் தேவைப்படுகிறது. இதில் நேரும் ஒரு தவறு சிறிய நாயின் உயிரைப் பறிக்கக்கூடும். புதிய வீடு தேடி வந்த கிரேஹவுண்டும் அத்தவறினால் வீட்டை இழக்கும். சில வேளைகளில் உயிரையும் இழக்கும்.

இனத்தின் இயல்பு

கிரேஹவுண்டு, மோப்பத்தை விடக் கண்பார்வையை நம்பி வேட்டையாடும் நாய் வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாய்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஒடுங்கிய இடுப்பு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், மெல்லிய தோல் ஆகியன இவற்றின் பொது அடையாளங்கள். ஓடும் இரையைக் கண்ட நொடியிலேயே பாய்ந்து துரத்துவதற்காக மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக இவற்றைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்துள்ளனர்.

வளர்ந்த கிரேஹவுண்டு பெரும்பாலும் 27 முதல் 40 கிலோ வரை எடை கொண்டது. தோள்வரை அதன் உயரம் ஏறத்தாழ 70 செ.மீ. இருக்கும். அது மணிக்கு 64 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடக்கூடியது. நொடிக்கு ஏறத்தாழ 18 மீட்டர் என்று இதைக் கணக்கிடலாம். இவ்வளவு வேகம் கொண்டிருந்தாலும் இந்நாய்க்கு நாள் முழுவதும் ஓட்டம் தேவையில்லை. சிறிது நேரம் வேகமாக ஓடிவிட்டு நீண்ட நேரம் உறங்குவதே இதன் இயல்பு. நாளுக்கு இருமுறை நடை, படுக்க மெத்தென்ற இடம் ஆகியவை இருந்தால் சிறிய அடுக்குமாடி வீட்டிலும் இது நிறைவாக வாழும்.

பந்தயமும் ஓய்வும்

இன்றைய வடிவிலான கிரேஹவுண்டுப் பந்தயம் 20ஆம் நூற்றாண்டில் உருவானது. இயந்திரத்தால் இழுக்கப்படும் செயற்கை முயலை ஓவன் பாட்ரிக் சுமித் என்ற அமெரிக்கர் மேம்படுத்தினார். அதைப் பயன்படுத்தும் ஓடுகளம் 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில் நகரில் திறக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1926 சூலையில் மான்செசுட்டரின் பெல் வியூ அரங்கில் இவ்வகைப் பந்தயம் தொடங்கியது.

பந்தய நாய் ஏறத்தாழ ஒன்றரை வயதில் ஓடத் தொடங்கும். காயம், வேகக் குறைவு, துரத்துவதில் ஆர்வமின்மை ஆகிய காரணங்களால் பெரும்பாலான நாய்கள் ஐந்து வயதுக்குள் ஓய்வுபெறுகின்றன. கிரேஹவுண்டின் ஆயுட்காலம் 10 முதல் 13 ஆண்டுகள். ஆகவே ஓய்வுபெறும் நாய்க்கு வாழ்நாளில் பாதிக்கும் மேல் மீதமிருக்கிறது. இந்த நாய்களுக்கு வீடு தேடித் தரும் அமைப்புகளுள் பழமையான ஒன்று, 1975இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட கிரேஹவுண்டு அறக்கட்டளை ஆகும்.

பந்தயத் தொழில் பல இடங்களில் சுருங்கி வருகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநில வாக்காளர்கள் 2018இல் பந்தயப் பந்தயப்பணத்தை முடிவுக்குக் கொண்டுவரும் திருத்தத்தை ஏற்றனர். அங்கு 2020 இறுதியில் ஓடுகளங்கள் மூடப்பட்டன. நியூசிலாந்து அரசு 2024 திசம்பரில் பந்தயத்தை நிறுத்தும் முடிவை அறிவித்தது. ஓடுகளங்கள் மூடப்படும்போது வீடு தேவைப்படும் நாய்களின் எண்ணிக்கை கூடுகிறது. அவற்றை ஏற்க முன்வரும் குடும்பங்களில் பலவற்றில் முன்பே ஒரு நாய் இருக்கிறது.

கிரேஹவுண்டு அறியாத உலகம்

பந்தய நாய், பிறந்தது முதல் தன் இனத்து நாய்களோடு மட்டுமே வாழ்ந்திருக்கும். கொட்டில், பயிற்சிக்களம், வண்டி, ஓடுகளம் ஆகியவையே அது அறிந்த இடங்கள். மாடிப்படி, கண்ணாடிக் கதவு, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரத்தின் ஓசை என எல்லாமே அதற்குப் புதியவை. வழுவழுப்பான தரையில் நடக்க அஞ்சி நின்றுவிடும் நாய்களும் உண்டு.

பிற இன நாய்களையும் அது பார்த்திருக்காது. யார்க்சயர் டெரியர், சிவாவா போன்ற நாய்கள் மூன்று கிலோ அளவே எடை கொண்டவை. அடர்ந்த மயிர், குறுகிய கால், கீச்சென்ற குரல் ஆகியவற்றோடு துள்ளி ஓடும் அவ்வுருவம் ஒரு நாய் என்பதே கிரேஹவுண்டுக்கு உடனே விளங்காமல் போகலாம். அது நாய்தான் என்பதைக் கிரேஹவுண்டு கற்றுக்கொள்ள வேண்டும். பல கிரேஹவுண்டுகள் இதைச் சில நாட்களில் கற்றுக்கொள்கின்றன. சில கற்றுக்கொள்வதே இல்லை.

துரத்தும் உந்துதலும் சினமும்

இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதே இப்பொருளில் முதன்மையாக அறியவேண்டியது. சினங்கொண்ட நாய் உறுமும், பல்லைக் காட்டும், மயிர் சிலிர்க்கும். விலகிப்போ என்று எச்சரிக்கும். துரத்தும் நாய் எச்சரிப்பதில்லை. உற்றுப்பார்த்தல், பாய்தல், துரத்தல், கவ்வுதல் என்ற வரிசையில் வேட்டைச் செயல் ஓசையின்றி நடந்து முடிகிறது. அதில் பகையும் இல்லை.

இதனால்தான் குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் மிக மென்மையாக நடந்துகொள்ளும் கிரேஹவுண்டு, ஓடும் சிறிய விலங்கைக் கண்டதும் முற்றிலும் வேறாக நடந்துகொள்கிறது. அதன் மென்மை பொய்யன்று; துரத்தும் உந்துதலும் பொய்யன்று. இரண்டும் ஒரே நாயிடம் உள்ளன. 'இவ்வளவு சாதுவான நாய் ஒன்றும் செய்யாது' என்ற எண்ணமே பல விபத்துகளுக்குத் தொடக்கமாகிறது.

உந்துதலின் அளவு நாய்க்கு நாய் மாறுபடும். பந்தயத்தில் முதலிடம் பெற்ற நாய் வீட்டில் பூனையோடும் ஒத்து வாழலாம். செயற்கை முயலைத் துரத்த மறுத்து ஒருமுறைகூடப் பந்தயத்தில் ஓடாத நாய், உயிருள்ள அணிலைக் கண்டு சங்கிலியை அறுக்கப் பார்க்கலாம். எனவே பந்தயப் பதிவுகளை மட்டும் வைத்து நாயின் இயல்பை முடிவுசெய்ய இயலாது.

தேர்வும் சோதனையும்

நல்ல மீட்பு அமைப்புகள், நாயை ஒப்படைக்கும் முன் சிறிய நாய்ச் சோதனை ஒன்றை நடத்துகின்றன. கிரேஹவுண்டுக்கு வாய்மூடி அணிவித்துக் கயிற்றில் பிடித்தபடி, அமைதியான ஒரு சிறிய நாயைத் தொலைவிலிருந்து காட்டுவார்கள். தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். சிறிய நாய் நிற்கும்போது மட்டுமன்றி, நடக்கும்போதும் ஓடும்போதும் குரைக்கும்போதும் கிரேஹவுண்டு எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள்.

பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், முகர்ந்துவிட்டு விலகுதல், அழைத்தால் ஆளை நோக்கித் திரும்புதல், தின்பண்டத்தை ஏற்றல் ஆகியவை நல்ல அறிகுறிகள். உடல் விறைத்து அசையாமல் உற்றுப்பார்த்தல், காதுகளை நிமிர்த்தி நடுங்குதல், பற்கள் மோதும் ஓசை எழுதல், தின்பண்டத்தைக் கவனிக்காதிருத்தல், திருப்பினாலும் பார்வையை எடுக்காதிருத்தல் ஆகியவை அபாய அறிகுறிகள்.

சோதனையின் முடிவு அந்த நாளுக்கும் அந்த இடத்துக்கும் உரியது. கொட்டிலிலிருந்து வந்த அன்று அச்சத்தில் ஒடுங்கி நிற்கும் நாய், எதையும் துரத்தாதது போலத் தோன்றலாம். ஆகவே தற்காலிக வளர்ப்பு இல்லமொன்றில் சிறிய நாயுடன் சில வாரங்கள் வாழ்ந்து பழகிய கிரேஹவுண்டே இத்தகைய வீட்டுக்கு மிகப் பொருத்தமானது.

முதல் சந்திப்பு

இரு நாய்களும் முதன்முதலில் வீட்டுக்கு வெளியே, இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திப்பது நல்லது. ஒரு நாய்க்கு ஒருவர் என இருவர் வேண்டும். கிரேஹவுண்டுக்குக் கூடை போன்ற வாய்மூடி அணிவிக்கப்பட வேண்டும். அதை அணிந்தபடி நாய் மூச்சிரைக்கவும் நீர் அருந்தவும் முடியும். பந்தய நாய்கள் வாய்மூடி அணிந்தே ஓடிப் பழகியவை என்பதால், இது அவற்றுக்குத் தண்டனையாகத் தோன்றுவதில்லை.

நேருக்கு நேர் நிறுத்துவதைத் தவிர்த்து, சில மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் இரண்டையும் நடத்திச் செல்ல வேண்டும். இரண்டும் இயல்பாக நடக்கத் தொடங்கியபின் இடைவெளியைக் குறைக்கலாம். நடை முடிந்ததும், பிரியாமல் சேர்ந்தே வீட்டுக்குள் நுழைவது வழக்கம். சிறிய நாயைக் கையில் தூக்கிக்கொண்டு அறிமுகம் செய்வது தவறு. உயரத்தில் துள்ளும் சிறிய உருவம் கிரேஹவுண்டைத் தாவத் தூண்டும்.

கிரேஹவுண்டின் கழுத்து அதன் தலையை விடப் பருமனானது. சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து அது பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ள முடியும். இழுத்தால் அளவோடு இறுகும் அகன்ற பட்டை அல்லது மார்புப்பட்டை பயன்படுத்தப்படுகிறது. நீண்டு சுருங்கும் கயிறு ஏற்றதன்று. நாய் வேகம் பிடித்தபின் அதன் முனையில் ஏற்படும் அதிர்ச்சி கழுத்தைக் காயப்படுத்தும்.

வீட்டுக்குள் முதல் வாரங்கள்

முதல் வாரங்களில் பின்வரும் நடைமுறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

- ஆள் இல்லாத நேரத்தில் இரு நாய்களும் வெவ்வேறு அறைகளில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடமே ஆனாலும் இது பொருந்தும்.
- அறைகளுக்கு இடையே குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு வைத்தால், இரண்டும் பாதுகாப்பாக ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் இயலும்.
- உணவு தனித்தனி இடங்களில் வைக்கப்பட வேண்டும். எலும்பு, மெல்லும் தின்பண்டம் ஆகியவற்றைப் பொது இடத்தில் போடக்கூடாது.
- ஒன்றாக இருக்கும் நேரங்களில் கிரேஹவுண்டு வாய்மூடியுடன் இருக்க வேண்டும். நம்பிக்கை வளர்ந்தபின், கண்காணிப்பில் மட்டும் அதைச் சிறிது நேரம் கழற்றலாம்.
- சிறிய நாயைப் பார்த்துவிட்டுக் கிரேஹவுண்டு தானாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதைப் பாராட்டித் தின்பண்டம் தர வேண்டும்.

கீச்சிடும் பொம்மைகளையும் பந்து எறிந்து விளையாடுவதையும் இரு நாய்களும் சேர்ந்திருக்கும்போது தவிர்க்க வேண்டும். விளையாட்டின் வேகத்தில் சிறிய நாய் வலியில் கீச்சிட்டால், அவ்வோசையே விளையாட்டை வேட்டையாக மாற்றிவிடக்கூடும்.

உறக்கத்தில் திடுக்கிடல்

கிரேஹவுண்டுகள் சில கண்களைத் திறந்தபடியே ஆழ்ந்து உறங்கும். கொட்டிலில் தனி இடத்தில் உறங்கிய நாயை உறக்கத்தில் எவரும் தொட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் சிறிய நாய் அதன்மீது ஏறினாலோ அருகில் வந்து படுத்தாலோ, திடுக்கிட்டு எழுந்து கடிக்க வாய்ப்புண்டு. இதில் பகையோ வேட்டையோ இல்லை. ஆனால் பல்லின் வலிமை அதேதான். எனவே கிரேஹவுண்டின் படுக்கை, சிறிய நாய் செல்ல முடியாத இடத்தில் இருக்க வேண்டும். உறங்கும் நாயைத் தொடாமல், பெயர் சொல்லி அழைத்து எழுப்புவதே முறை.

தோட்டமும் தெருவும்

வீட்டுக்குள் ஒரே விரிப்பில் படுத்திருக்கும் இரு நாய்கள், தோட்டத்தில் வேறாக நடந்துகொள்ளலாம். அறைக்குள் சிறிய நாய் நடக்கிறது, தோட்டத்தில் ஓடுகிறது. 15 மீட்டர் தோட்டத்தைக் கிரேஹவுண்டு ஓரிரு நொடிகளில் கடந்துவிடும். அதற்குள் மனிதர் குரல் கொடுக்கலாம்; தடுக்க முடியாது. ஆகவே தோட்டத்துக்கு இரண்டையும் தனித்தனியே அனுப்புவதில் தொடங்கி, பின்னர் கிரேஹவுண்டைக் கயிற்றிலும் வாய்மூடியிலும் வைத்து ஒன்றாக விடுவர். வீட்டில் ஏற்கெனவே வேறு கிரேஹவுண்டு இருந்தால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாய் துரத்தத் தொடங்கினால் மற்றதும் சேர்ந்துகொள்ளும்.

தன் வீட்டுச் சிறிய நாயோடு பழகிவிட்ட கிரேஹவுண்டு, தெருவில் காணும் பிற சிறிய நாய்களையும் அவ்வாறே ஏற்கும் என்று கொள்ள முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வளர்ப்புக் கிரேஹவுண்டுகள் பொது இடங்களில் வாய்மூடி அணிய வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்ற விதி தொடர்ந்தது.

சிறிய நாயின் நிலை

தத்தெடுப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் புதிதாக வரும் நாயைச் சுற்றியே அமைகிறது. ஆனால் வீடு மாறாமலே வாழ்க்கை மாறுவது சிறிய நாய்க்குத்தான். உண்ணாமை, ஒளிந்துகொள்ளுதல், வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல், ஓயாத குரைப்பு ஆகியவை அதன் அச்சத்தைக் காட்டும். கிரேஹவுண்டு எட்டாத ஓர் இடமும், வளர்ப்பவரோடு தனியாக இருக்கும் நேரமும் அதற்கு நாள்தோறும் கிடைக்க வேண்டும்.

துன்புறுத்துவது எப்போதும் பெரிய நாயே என்றும் இல்லை. உணவுக் கிண்ணத்தை விட்டு விரட்டும், காலைக் கவ்வும் சிறிய நாய்களும் உள்ளன. கிரேஹவுண்டின் தோல் மெல்லியது, மயிர் குறுகியது. சிறு பல் பட்டாலும் தையல் போடுமளவு கிழியலாம். உடற்கொழுப்பு குறைவாகவும், சில மயக்க மருந்துகளைக் கல்லீரல் மெதுவாகச் சிதைப்பதாகவும் இருப்பதால், தையோபென்டால் போன்ற மருந்துகளிலிருந்து இந்நாய் மீள நெடுநேரமாகும். ஆகவே இவ்வினத்தைப் பற்றி அறிந்த கால்நடை மருத்துவரை முன்னரே தெரிந்து வைத்திருப்பது பயன் தரும்.

பொருந்தாதபோது

பல வீடுகளில் சில மாதங்களுக்குள் இரு நாய்களும் தோழமையோடு வாழத் தொடங்குகின்றன. சில வீடுகளில் எவ்வளவு முயன்றாலும் கிரேஹவுண்டின் உற்றுப்பார்வை மாறுவதில்லை. தண்டிப்பதால் இது தீராது. தண்டனைக்கு அஞ்சும் நாய் ஆள் பார்க்கும்போது அடங்கியிருக்கும். உந்துதல் அப்படியே இருக்கும்.

அந்நிலையில் நாயை மீட்பு அமைப்பிடம் திருப்பி ஒப்படைப்பதே முறையாகும். பொறுப்புள்ள அமைப்புகள் எந்த வயதிலும் நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. தத்து ஒப்பந்தத்தில் இது முன்பே எழுதப்பட்டிருக்கும். வெட்கப்பட்டு இதைத் தள்ளிப்போடும் வீடுகளில்தான் விபத்துக்கு இடம் உண்டாகிறது. விபத்துக்கு முன் திருப்பி அனுப்பப்பட்ட கிரேஹவுண்டு, சிறிய விலங்குகள் இல்லாத வேறொரு வீட்டில் நல்ல நாயாக வாழ முடியும். விபத்துக்குப் பின் அந்த வாய்ப்பு மிக அரிது.