ஒமேகா பூஜ்யமா? அவசரப்பட்டு மாத்தாதீங்க!

நம்ம கூடுவாஞ்சேரியில மின்சார ரயில் ஏறினா ஒரே வண்டியில கிண்டி. அங்க இருக்கிற சென்னைப் பல்கலைக்கழக வளாகத்துலதான் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-ல், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் திரும்பலாம்னு காட்டும் வரைபடத்தை உருவாக்கியது. அதுல இருக்கிற ரெண்டு கோணங்கள் ஃபை, சை. மூணாவது கோணம் ஒமேகாவை நாம கண்டுக்கறதே இல்ல.

காரணம் இருக்கு. பெப்டைடு பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பு மாதிரி. லேசுல முறுக்க முடியாது. ஒமேகா பெரும்பாலும் 180 டிகிரி, அதாவது ட்ரான்ஸ். பூஜ்யம்னா சிஸ்: ரெண்டு பக்க ஆல்ஃபா கார்பன்களும் ஒரே பக்கம் வந்து நெருக்கியடிக்கும். புரோலினோட வளையத்தால அங்க ரெண்டு நிலையிலுமே நெருக்கடிதான். அதனால புரோலினுக்கு முன்னாடி சுமார் 5% சிஸ். மத்த இடங்கள்ல சுமார் 0.03% மட்டுமே.

அப்போ ப்ராஜெக்ட்ல சிஸ் வந்தா பிழையா? இருக்கலாம். ஆனா செரிமான நொதியான கார்பாக்சிபெப்டிடேஸ் ஏ-யில புரோலின் இல்லாத இடங்கள்லயே மூணு சிஸ் பிணைப்பு உண்டு. இப்படிப்பட்டவை பல புரதங்கள்ல, வேலை நடக்கிற மையத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. அதனால முதல்ல எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தைப் பாருங்க. அது தெளிவா சிஸ்னு சொன்னா, அப்படியே விடுங்க. சொல்லலைன்னா திருத்துங்க.