நைக்கா பங்கு: மிச்சம் யாருக்கு?

ஆன்லைன் கடைகளின் பங்கைப் பற்றி ஆதம்பாக்கத்தில் பேச்சு எழுந்தால், முதலில் வருவது "விலை ஏறுமா?" என்ற கேள்விதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: கம்பெனி ஈட்டும் பணம் நம் கைக்கு வருமுன் யார் யாரைத் தாண்டி வருகிறது? இயக்குநருக்குச் சம்பளம், வங்கிக்கு வட்டி, அரசுக்கு வரி எல்லாம் போக மிஞ்சுவதுதான் பங்குதாரருக்கு. பங்கு விலை என்பது அந்த மிச்சத்துக்கு நாம் தரும் விலை.

அழகுப் பொருள் விற்கும் நைக்காவை எடுத்துக்கொள்வோம். ஐபிஓவில் (முதல் பொதுப் பங்கு வெளியீட்டில்) ஒரு பங்கு 1,125 ரூபாய். 2021 நவம்பர் 10 அன்று சந்தைக்கு வந்த முதல் நாளே 2,000 ரூபாயைத் தாண்டியது. கம்பெனியின் மொத்த மதிப்பு 1 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போனது. முந்தைய நிதியாண்டில் அதன் லாபமோ சுமார் 62 கோடி. வகுத்துப் பாருங்கள்: 1 ரூபாய் ஆண்டு லாபத்துக்கு 1,600 ரூபாய் விலை! லாபம் பல மடங்கு பெருகும் என்று நம்பித்தான் வாங்கினார்கள். சந்தைக்கு வந்த அந்த நிதியாண்டில் விற்பனை நன்றாகவே வளர்ந்தது, விளம்பரச் செலவும் கூடியது, லாபம் சுமார் 41 கோடியாகக் குறைந்தது.

2022 நவம்பரில் ஒரு பங்குக்கு 5 போனஸ் பங்கு கொடுத்தார்கள். ஒன்று ஆறானது, விலையும் ஆறில் ஒன்றானது. பழைய 1,125 இப்போது 187.50-க்குச் சமம். இது தெரியாமல் "பழைய விலையோடு பார்த்தால் மலிவு" என்று நினைப்பது ஆபத்து. ஐபிஓவுக்கு முன்பே பணம் போட்டவர்கள் விற்கக் கூடாது என்ற ஓராண்டுத் தடை விலகிய அதே நாட்களில் போனஸ் வந்ததால், அவர்கள் விற்பதைத் தள்ளிப்போடவே இது என்ற விமர்சனமும் எழுந்தது. காரணம் வரி: போனஸ் பங்கின் அடக்கவிலை பூஜ்யம். ஓராண்டுக்குள் விற்றால் குறுகிய கால ஆதாய வரி விழும்.

கடனுக்கு வருவோம். ஐபிஓவில் திரண்ட சுமார் 5,350 கோடியில் கம்பெனிக்கு வந்தது 630 கோடிதான். மீதி, தங்கள் பங்கை விற்ற பழைய முதலீட்டாளர்களுக்குப் போனது. அந்த 630 கோடியிலும் ஒரு பகுதி கடனை அடைக்க. சரக்கை முன்கூட்டியே வாங்கிக் கிடங்கில் அடுக்கும் வியாபாரத்துக்கு வங்கிக் கடன் தேவைதான். தீபாவளிச் சரக்குக்குக் கடன் எடுக்கும் தி. நகர் ஜவுளிக்கடையைப் போல. கடன் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், வட்டி லாபத்தை எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். இன்னொன்று: 2019 ஏப்ரல் முதல் கடைகளின் நீண்ட கால வாடகை ஒப்பந்தங்களும் குத்தகைப் பொறுப்பாகக் கணக்கில் ஏறுகின்றன. ஒரே கம்பெனிக்கு இரண்டு பேர் இரண்டு கடன் தொகை சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இயக்குநர் சம்பளத்துக்கு 2013 கம்பெனிச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு வரம்பு வைத்திருக்கிறது. எல்லா இயக்குநர்களுக்கும் சேர்த்து நிகர லாபத்தில் 11 சதவீதம், நிர்வாக இயக்குநர் ஒருவருக்கு 5 சதவீதம். இந்த 5 சதவீத வரம்பை மீறுவதென்றால் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பதிவாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். நஷ்டத்தில் இருந்த டிஜிட்டல் பணப் பரிமாற்ற நிறுவனமான பேடிஎம்மின் நிறுவனர் விஜய் சேகர் சர்மாவின் ஊதியத்துக்கு வாக்கு ஆலோசனை நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஆனாலும் 2022 ஆகஸ்டில் பெரும் ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது. பெரிய நிறுவனங்களின் வாக்கே முடிவு செய்கிறது என்று சிறு பங்குதாரர் ஒதுங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. எதிர்த்து விழும் வாக்கு எத்தனை என்பதைக் கம்பெனி வெளியிட்டே ஆக வேண்டும். அந்த எண்ணை இயக்குநர் குழு கவனிக்காமல் இருக்க முடியாது.

ஆண்டறிக்கையில் ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை (மீடியன்) ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்பது அச்சாகியிருக்கும். டீமேட் கணக்கு வைத்திருப்பவர் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற பங்கு வைப்பகத்தின் தளத்தில் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். பொதுக்கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணியோடு அது முடிந்துவிடும்.