எடைக்குப் போகும் பெயர்கள்

போர்க்களத் தீரத்துக்காக நம் நாடு வழங்கும் மிக உயரிய விருதான பரம் வீர் சக்ரா வெண்கலத்தால் ஆனது. அதற்கடுத்த நிலைகளில் உள்ள மகா வீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளியால் ஆனவை. உருக்கி விற்றால் உயர்ந்த விருதுக்கே குறைந்த விலை கிடைக்கும். பதக்கத்தின் மதிப்பு உலோகத்தில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால், அடகுக் கடைத் தராசுக்கு இது தெரியாது.

எங்கள் பகுதியிலிருந்து ராணுவத்துக்குச் செல்வது புதிதல்ல. 1780-இல் தோன்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம் உள்ள பெங்களூரு, பாலக்கோட்டிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் பணியாற்றினர். அப்போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், சிப்பாய்களுக்கு வெள்ளியிலும் தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்திலும் தரப்பட்டது (பதக்கத்திலும் படிநிலை!). மொத்தம் வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கங்கள் ஏறத்தாழ 65 லட்சம்; வெண்கலமோ 1.1 லட்சமே. அரிதான அந்த வெண்கலத்தைத்தான் நம் வீடுகளில் பழைய பித்தளையோடு சேர்த்துப் போடுகிறார்கள்.

பதக்கத்தின் விளிம்பைக் கவனித்தால் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். இராக்கில் 1929-இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவுச் சின்னத்தின் பலகைகளில் இந்திய அதிகாரிகளின் பெயர்களே செதுக்கப்பட்டன. உயிர்நீத்த இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாயினர். கல்லில் இடம்பெறாத அந்தப் பெயர், வாரிசுக்கு வந்து சேர்ந்த பதக்கத்தின் விளிம்பில் இருந்தது.

பாலக்கோட்டில் நானறிந்த ஒரு குடும்பத்தில், கொள்ளுப்பாட்டனாரின் பதக்கம் பழைய கொலுசுகளோடு எடை போட்டு விற்கப்பட்டது. விற்றவரை நான் குறைசொல்ல மாட்டேன். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வெள்ளி விலை நாள்தோறும் நாளிதழில் வருகிறது. விளிம்பில் உள்ள பெயரின் விலையோ வெகு சிலருக்கே தெரியும். தகவல் ஒரு பக்கமே இருக்கும் சந்தையில், விற்பவருக்குக் கிடைப்பது உலோகத்தின் விலை மட்டுமே. 1979-இன் தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்த வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியபோது உலகெங்கும் இத்தகைய பதக்கங்கள் உருக்காலைக்குப் போயின.

பதக்கத்தைவிட முக்கியமானவை காகிதங்கள். காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தன்னையே கிடத்தி உடனிருந்தோரைக் காத்தார். இதைச் சொல்வது விருதுக் குறிப்பு, பதக்கம் அன்று. சாதாரணச் சிப்பாய்க்கு அந்த இடத்தில் இருப்பது அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம். அது இல்லாவிட்டால், பழைய பெயரைத் தேய்த்துப் புதுப்பெயர் பொறித்த போலிக்கும் அசலுக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

சேகரிப்பாளர்கள் எல்லோரும் காப்பாளர்கள் அல்லர். ஒரே வீரரின் நான்கு பதக்கங்களைப் பிரித்து நால்வருக்கு விற்பவர்கள் உண்டு. ஆயினும், உருக்குபவரையும் சேகரிப்பவரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் இயலாது.

சட்டமும் இங்கு குறுக்கிடுகிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவமுள்ள நூறாண்டுப் பொருள்களும் 75 ஆண்டு கடந்த ஆவணங்களும் தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் நூறாண்டைத் தொட்டுவிட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆவணங்களும் 75 ஆண்டைக் கடந்துவிட்டன. அயல்நாட்டு வாங்குநருக்கு அஞ்சலில் அனுப்பலாம் என்று எண்ணுவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

விற்றே ஆக வேண்டுமென்றால், முதலில் விளிம்பைச் சுற்றிலும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பதக்கத்தைப் பளபளப்பாகத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் எழுத்து மங்கும், விலையும் குறையும். நாடா கிழிந்திருந்தாலும் கழற்றாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, கடிதங்கள் ஆகியவற்றைப் பதக்கத்தோடு ஒரே உறையில் வைத்து, பிரிக்காமல் கொடுங்கள்.