ஆபிரிக்க நத்தையை ஒழிக்கும் வழி

எலும்பற்ற மெல்லிய உடலையுடைய ஒருசார் பிராணிகள் மெல்லுடலிகள் எனப்படும். கடலில் வாழும் சங்கு, சிப்பி, மட்டி, கணவாய் ஆகியனவும் தோட்டத்தில் ஊரும் நத்தையும் இவ்வினத்தனவே. நத்தையின் உடலைப் போர்த்துள்ள தோல்மடிப்பு சுண்ணாம்புச் சத்தைச் சுரந்து ஓட்டை ஆக்குகின்றது. தசையாலான பாதத்தால் ஊர்ந்து, அரம் போன்ற நாவினால் இலையைச் சுரண்டி உண்பது அதன் இயல்பு.

இவற்றுள் கமக்காரருக்குப் பெரும் பகையாய் அமைந்தது ஆபிரிக்க இராட்சத நத்தை. கிழக்காபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது, 1847 இல் கல்கத்தாவுக்கும் 1900 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் மனிதராலேயே கொண்டுவரப்பட்டது. வாழை, பப்பாசி, மரக்கறி நாற்றுக்கள் யாவும் இதற்கு இரையாகும்.

குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலம் ஓடு வளர்வதற்கு உகந்தது. ஆனால் மெல்லுடல் வெயிலைத் தாங்காது. ஆகவே நத்தை பகலில் குப்பை, பழங்கிடுகு, வாழையடி ஆகியவற்றில் ஒளிந்திருக்கும். கோடையில் ஓட்டின் வாயை அடைத்து உறங்கும். ஐப்பசி மழையுடன் விழித்தெழும். ஆண், பெண் உறுப்புக்கள் இரண்டும் ஒவ்வொரு நத்தையிலும் உள. ஒருமுறை கூடிய நத்தை பலமுறை முட்டையிடும். ஓர் ஈட்டில் நூற்றுக்கு மேலும் இடவல்லது. முதல் மழையிலேயே அழிப்பதன் நன்மை இதனால் விளங்கும்.

செய்ய வேண்டியவை:

1. மழைக்கு முன் குப்பைகளை அகற்றி, மண்ணைக் கொத்தி முட்டைகளை வெயிலிற் காயவிடுக.

2. மாலையில் ஈரச் சாக்கை விரித்து, அதன்கீழ்ப் பப்பாசி இலைகளை இடுக. விடியற்காலையில் அங்கே கூடியுள்ள நத்தைகளைப் பொறுக்குக.

3. வெறுங்கையால் தொடலாகாது. எலிகளிடமிருந்து நத்தைக்குத் தொற்றும் ஒருவகைப் புழு மனிதரின் மூளையைத் தாக்கவல்லது. பச்சையாக உண்ணும் இலைகளை நன்கு கழுவுக.

4. வாளியிற் கரைத்த உப்புநீரிலிட்டுக் கொன்று, ஓட்டை நொறுக்கி ஆழப் புதைக்குக. வெற்றோட்டில் மழைநீர் தேங்கின் நுளம்பு பெருகும்.

5. தோட்டத்தில் உப்பைத் தூவுதல் ஆகாது. உப்புநீரை ஊற்றுதலும் ஆகாது. மழைநீர் நிலத்தில் ஊறித் தங்கும் நன்னீரையே நம் கிணறுகள் நம்பியுள்ளன. நத்தையை ஒழிக்கப் புகுந்து நிலத்தையும் கிணற்றையும் உவராக்குதல் பெருந்தீங்காகும்.

வேலி நத்தையைத் தடுக்காது. ஒரு வளவில் அழித்து அயல் வளவில் விட்டுவைப்பின் பயனில்லை. ஆதலின் ஓர் ஒழுங்கையிலுள்ளோர் அனைவரும் ஒரே காலத்தில் இம்முயற்சியில் ஈடுபடுவாராக.