இறைவேண்டலும் உழைப்பும்

இறைவேண்டலும் உழைப்பும் (இலத்தீன்: ஓரா எட் லபோரா) என்பது வழிபாட்டையும் அன்றாட வேலையையும் ஒரே வாழ்வின் இரு கூறுகளாகக் கொள்ளும் கிறித்தவ நெறி ஆகும். இலத்தீன் முதுமொழிக்கு "வேண்டு, உழை" என்பது நேர்ப்பொருள். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த நூர்சியாவின் புனித பெனடிக்ட் (ஏறத்தாழ 480 – 547) துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குநூல் இந்நெறியின் முதன்மை ஊற்றாகும். தமிழ்க் கத்தோலிக்கர் இவரைப் புனித ஆசீர்வாதப்பர் என்றும் அழைப்பர். இம்முதுமொழி ஒழுங்குநூலில் எங்கும் இடம்பெறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் செருமானிய பெனடிக்டின் துறவிகள் வழியாகவே அது பரவலாக அறியப்பட்டது.

பின்னணி

பண்டைய உரோமைச் சமூகத்தில் உடலுழைப்பு அடிமைகளுக்கும் ஏழைகளுக்கும் உரியது எனக் கருதப்பட்டது. கிறித்தவ மரபு இதற்கு மாறான முன்மாதிரிகளைக் கொண்டிருந்தது. நற்செய்தி நூல் இயேசுவைத் தச்சர் எனக் குறிப்பிடுகிறது. திருத்தூதர் பவுல் கூடாரம் செய்யும் தொழிலால் தம் செலவுகளைச் சந்தித்தார். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத் துறவிகள் கூடை முடைந்தும் கயிறு திரித்தும் பிழைத்தனர்; கைகள் வேலை செய்கையில் வாய் திருப்பாடல்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

உரோமையில் தொடங்கிய கல்வியை இடையில் விட்ட பெனடிக்ட், சுபியாக்கோ என்னுமிடத்தில் குகையொன்றில் 3 ஆண்டுகள் தனித்து வாழ்ந்தார். பின்னர் ஏறத்தாழ 529இல் மொன்டே கசினோ மலையில் துறவு மடம் ஒன்றை நிறுவினார். அவரது ஒழுங்குநூல் ஒரு முன்னுரையும் 73 அதிகாரங்களும் கொண்டது. அடிமையாயிருந்து துறவியானவரைவிட, உரிமைக்குடியில் பிறந்தவரைப் பிறப்பின் காரணமாக உயர்த்தலாகாது என்று அது மடத்தலைவருக்கு விதிக்கிறது.

நாளின் ஒழுங்கு

துறவிகள் பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடி வேண்ட வேண்டும் என்று ஒழுங்குநூல் விதிக்கிறது. அதன்படி திருப்பாடல்கள் 150உம் ஒரு வாரத்தில் ஓதி முடிக்கப்பட வேண்டும். இக்கூட்டு வழிபாட்டையே பெனடிக்ட் "இறைவனின் வேலை" என்று அழைக்கிறார்.

வழிபாட்டு வேளைகளுக்கு இடைப்பட்ட நேரம் உடலுழைப்புக்கும் திருநூல் வாசிப்புக்கும் உரியது. பகற்பொழுது 12 மணிகளாகப் பகுக்கப்பட்டது. ஆகவே கோடையில் மணியின் நீளம் கூடும், குளிர்காலத்தில் குறையும். 48ஆம் அதிகாரம் கூறும் கோடைக்கால ஒழுங்கு பின்வருமாறு:

- காலை வேண்டலுக்குப் பின் ஏறத்தாழ நான்காம் மணி வரை வேலை
- நான்காம் மணி முதல் ஏறத்தாழ ஆறாம் மணி வரை வாசிப்பு
- ஆறாம் மணிக்குப்பின், உணவு முடிந்தபின் அமைதியான ஓய்வு
- எட்டாம் மணியின் நடுவில் வேண்டல். பின்னர் மாலை வழிபாடு வரை வேலை

நலிந்தவர்க்கு அவர் உடலுக்கு ஏற்ற வேலையே தரப்பட வேண்டும். எதுவும் அளவோடு அமைய வேண்டும் என்பதே இவ்வதிகாரத்தின் நோக்கம்.

வேலைத்தளத்தில் வழிபாடு

மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்துக் கலங்களைப் போலப் பேண வேண்டும் என்று பண்டகப் பொறுப்பாளர் பணிக்கப்படுகிறார். சமையல் வேலை வாரமுறைப்படி துறவிகளிடையே மாறும். முறை முடித்தவரும் முறை ஏற்பவரும் ஞாயிறன்று வழிபாட்டிடத்தில் வேண்டுதல் பெறுவர். முறை முடித்தவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைத் தூய்மையாகத் திருப்பித்தர வேண்டும்.

கைவினைஞர் தம் திறமையால் செருக்குற்றால், மனம் தாழும் வரை அத்தொழிலிலிருந்து விலக்கப்படுவர். மடத்தில் செய்த பொருள்களை வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைத்து விற்க வேண்டும். பேராசை புகாதிருக்கவே இவ்விதி.

வழிபாட்டு மணி ஒலித்தால் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டு எழ வேண்டும். தொலைவில் வேலை செய்வோர் நின்ற இடத்திலேயே முழந்தாளிட்டு வேண்டலாம். "செய்யும் தொழிலே வழிபாடு, தனியே வழிபாடு தேவையில்லை" என்ற பொருளில் சிலர் இம்முதுமொழியைக் கையாள்வதுண்டு. ஒழுங்குநூலின் கருத்து அதுவன்று. வேலை புனிதமானது, ஆயினும் அதுவே முடிவன்று என்பதை மணியோசை நாள்தோறும் நினைவூட்டுகிறது.

சமநிலைச் சிக்கல்கள்

இச்சமநிலை பலமுறை குலைந்துள்ளது. 910இல் பிரான்சில் நிறுவப்பட்ட குளூனி மடத்தில் வழிபாடு மிக நீண்டு, துறவிகளின் உடலுழைப்பு சுருங்கியது. 1098இல் சீத்தோவில் தொடங்கிய சிஸ்டர்சியன் சபை உடலுழைப்பை மீட்டது. ஆனால் அங்கும் எழுத்தறியாத உழவர்கள் பலர் "பொதுநிலைச் சகோதரர்" என்ற தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டு, வயல்வேலையின் பெரும்பகுதியைச் சுமந்தனர். அவர்களுக்குக் குறுகிய வேண்டல்களே விதிக்கப்பட்டன. ஒருவர் வேண்டவும் மற்றவர் உழைக்கவும் என்ற பிரிவினை, பெனடிக்ட் வகுத்த நெறியிலிருந்து விலகியதாகும்.

மடத்துக்கு வெளியே

16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், துறவு வாழ்வே உயர்ந்தது என்ற கருத்தை மறுத்தார். உழவர், செருப்புத் தைப்பவர், குழந்தையைப் பேணும் தாய் ஆகியோரின் வேலையும் இறை அழைத்தலே என்பது அவர் போதனை. 17ஆம் நூற்றாண்டில் பாரிசின் கார்மேல் மடத்தில் சமையல் வேலை செய்த சகோதரர் லாரன்சு, அடுக்களை இரைச்சலிலும் இறைப்பிரசன்னத்தை உணர்ந்து வாழ்ந்தவராக அறியப்படுகிறார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில், மனிதருக்காகவே வேலை, வேலைக்காக மனிதர் அல்லர் என்ற கருத்தை வலியுறுத்தினார்.

இன்று இல்லறத்தாரும் ஒப்புக்கொடுத்தோர் என்ற நிலையில் பெனடிக்டின் மடங்களுடன் இணைந்து வாழ்கின்றனர். இவர்களுக்கு மடத்து மணி கிடையாது. வேலையை எப்போது நிறுத்துவது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டியிருப்பது இந்நெறியின் கடினமான பகுதியாகும்.

தமிழ்நாட்டில்

பிரெஞ்சுக் குரு சூல் மொன்சானெனும் பெனடிக்டின் துறவி ஆன்றி லெ சோவும் (அபிசிக்தானந்தர்) 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவினர். காவிரிக்கரையிலுள்ள இவ்வாசிரமத்தை 1968 முதல் ஆங்கிலேய பெனடிக்டின் துறவி பீட் கிரிபித்சு (இ. 1993) வழிநடத்தினார். பின்னர் இது பெனடிக்டின் மரபின் கமல்டோலியக் கிளையுடன் இணைந்தது. இந்திய ஆசிரம வாழ்வும் பெனடிக்டின் ஒழுங்கும் இங்கு ஒன்றுசேர்ந்துள்ளன.