மேசைக் கணினிக்கான லினக்சு கருனியைத் தேர்ந்தெடுத்தல்

கெர்னல் என்று பரவலாக அழைக்கப்படும் கருனி, ஓர் இயக்குதளத்தின் மையப் பகுதி ஆகும். செயலி, நினைவகம், வன்தட்டு, வைஃபை, ஒலி, திரை ஆகிய வன்பொருள்களுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று வேலையைப் பகிர்ந்தளிப்பது இதுவே. லினக்சு கருனியை லினசு டோர்வால்ட்சு 1991ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட கருனிகளை நிறுவி, தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடியும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அவ்வாறு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இடம்பெற்றது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயக்குதளம். தேனி மாவட்டத்திலும் பல மாணவர்களுக்கு முதல் கணினி அதுதான். மின்கலம் செயலிழந்த பின், மின்இணைப்பிலேயே வைத்து மேசைக் கணினியாக அதைப் பயன்படுத்துவோர் உண்டு. இத்தகைய பழைய கணினியைத் தூக்கிப் போடுவதா, தொடர்ந்து பயன்படுத்துவதா என்பதைப் பல நேரம் அதில் இயங்கும் கருனியே முடிவு செய்கிறது.

பதிப்பு எண்ணைப் படித்தல்

முனையத்தில் 'யூநேம்' என்ற கட்டளையுடன், ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தும் சேர்த்துத் தட்டினால் இயங்கும் கருனியின் எண் தெரியும். இதைத் தசம எண்ணாகப் படிக்கக் கூடாது. கணக்கில் 6.8 பெரியது, 6.12 சிறியது. கருனியிலோ 6.12 தான் பிந்தியது; புள்ளிக்குப் பின் உள்ளது எட்டாவது, பன்னிரண்டாவது என்ற வரிசை எண்.

எண் பழையதாக இருப்பதால் மட்டும் கருனி பாதுகாப்பற்றது ஆகிவிடாது. உபுண்டு, டெபியன் போன்ற வழங்கல்கள் தாங்கள் ஆதரிக்கும் காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய வரிசைக்கும் அளிக்கின்றன. ஆதரவுக் காலம் முடிந்த கருனியே ஆபத்தானது.

முதன்மை வகைகள்

நீண்டகால ஆதரவுக் கருனி: புதிய வசதிகள் சேர்க்கப்படாமல் திருத்தங்கள் மட்டும் பெறுவது. டெபியன் 12இல் உள்ள 6.1, டெபியன் 13இல் உள்ள 6.12 ஆகியவை இவ்வகை. போடியில் ஏலக்காய்க் கடைக் கணக்கு எழுதும் கணினிக்கும், வீட்டில் பாடம் படிக்கும் கணினிக்கும் இதுவே போதும்.

புதிய வன்பொருளுக்கான கருனி: உபுண்டு 24.04 முதலில் 6.8 கருனியுடன் வந்தது. அதே உபுண்டுவில் 'எச்டபிள்யூஇ' என்ற வழியில் பிந்திய கருனிகளும் கிடைக்கின்றன. புதிதாக வாங்கிய கணினியில் வைஃபை அல்லது திரை சரியாக இயங்காவிட்டால் இதை முயலலாம்.

குறைந்த தாமதக் கருனி: உபுண்டுவில் 'லோலேட்டன்சி' எனப்படும். பாட்டும் இசைக்கருவியும் பதிவு செய்யும்போது ஒலி விட்டுவிட்டு வராமல் இருக்க உதவும். தட்டச்சுக்கும் இணையத்துக்கும் இதனால் பெரிய பயன் இல்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் செயலி 64-பிட் வகையா என்று பார்க்க வேண்டும். 'எல்எஸ்சிபியூ' கட்டளை இதைக் காட்டும். 32-பிட் இயக்குதளம் நிறுவப்பட்ட கணினியிலும் செயலி 64-பிட்டாக இருக்கலாம். 2025 ஆகத்தில் வெளிவந்த டெபியன் 13இல் 32-பிட் கணினிகளுக்கான கருனி இல்லை. உண்மையிலேயே 32-பிட் செயலி என்றால் டெபியன் 12 போன்ற முந்தைய வழங்கலை நாட வேண்டும்.

அடுத்து, எல்லா வன்பொருளும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்தால் வழங்கல் தரும் கருனியையே வைத்துக்கொள்வது நல்லது. எழுத்துருவும் தமிழ்த் தட்டச்சும் கருனியை மாற்றுவதால் மேம்படுவதில்லை. மாறாக, பழைய என்விடியா அட்டைகளுக்கான மூடிய இயக்கிகள் புதிய கருனியில் இயங்காமல் போவதுண்டு.

முன்னெச்சரிக்கை

புதிய கருனி சரியாக இயங்குகிறது என உறுதியாகும் வரை பழையதை நீக்கக் கூடாது. புதியதில் கணினி தொடங்காவிட்டால், உபுண்டுவில் தொடக்கத்தில் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி 'கிரப்' பட்டியலை வரவழைத்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் சென்று பழைய கருனியைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும்.

கருனி நிறுவப்படும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் அரைகுறையாக எழுதப்பட்டுக் கணினி தொடங்காமல் போகலாம். மின்கலம் இல்லாத கணினிக்கு இந்த ஆபத்து அதிகம். ஆடிக் காற்றில் மின்தடை ஏற்படும் கம்பம் பள்ளத்தாக்கில், யுபிஎஸ் இணைப்பு இருக்கும்போது மட்டுமே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். பாடக்குறிப்புகளையும் படங்களையும் அதற்கு முன்பே ஒரு பென்டிரைவில் படியெடுத்து வைப்பது கட்டாயம்.